அனுமதிக்கப்பட்ட வேகம்

அந்தத் தொழிற்சாலைக்குள் யாரும் ஓடக் கூடாது. மெயின் கேட்டைத் தாண்டியதும் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு, கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதைச் சொன்னது. ரெமிஜியஸ் வேகமாக நடக்கக் கற்றுக்கொண்டது அந்தப் போர்டின் தயவில்தான்.

ரெமிஜியஸ் தங்கவயல் மாரிகுப்பத்துக்காரன். விடியற்காலையில் அங்கே ரயில் ஏறினால் கே.ஆர்.புரத்தில் ஏழு நாற்பதுக்கு இறங்கலாம். அதற்கு முந்தி வந்து சேர வேறு வண்டி கிடையாது. பஸ்ஸில் வந்தால் இன்னும் கால் மணி தாமதம். ஸ்டேஷனிலிருந்து கேட் வரை உள்ள ரோடு பொது ரோடு, எவன் வேண்டுமானாலும் ஓடலாம். ரெமிஜியஸ் ஓடுவான். டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து, ஏழு ஐம்பத்திரண்டுக்கு கேட்டைத் தொடுவான். அதற்கப்புறம்தான் சனியன். கேட்டிலிருந்து பஞ்சிங் மிஷின் வரை ஆயிரத்து நூறு மீட்டர். மிஷினை கேட்டிலேயே வைத்தால் என்ன என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. டைம் ஆபீஸ் கட்டடம் உள்ளே இருக்கிறது. டைம் ஆபீஸ் இருக்கிற இடத்தில்தானே டைம் இருக்கும்? எட்டு மணி வரை அட்டையில் நேரம் நீல மையில் விழும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் சிவப்பு.

நிறுவனத்தின் பெயர் தேசிய அளவுமானித் தொழிற்சாலை. கொதிகலன்களில் மாட்டுகிற அழுத்தமானிகள் செய்துகொண்டிருந்தார்கள். தொண்ணூற்றொன்றுக்கு அப்புறம் வெளிநாட்டு மானிகள் வந்து குவிந்ததில் இவர்களுடையதைச் சீந்துவாரில்லை. இருந்தாலும் எண்ணூறு பேர் எட்டு மணிக்கு உள்ளே இருந்தாக வேண்டும். உள்ளே இருந்துகொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றி எந்த போர்டும் இல்லை.

ரெமிஜியஸுக்கு ஸ்டோர்ஸில் உதவியாளர் வேலை. இரண்டு வருஷம் புரொபேஷன்; தொண்ணூற்றொன்பது மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. முடிந்தால் வேலை நிரந்தரம், கூடவே வளாகத்துக்குள் ஒரு குவார்ட்டர்ஸ். அவன் மனைவி மெர்சி குடும்ப தினத்தன்று வந்தபோது, காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸின் ஜன்னலில் எட்டிப் பார்த்து, சமையலறை மேடையைக் கண்ணாலேயே சாண் கணக்கில் அளந்துகொண்டு போயிருந்தாள். கிரைண்டர் எந்த மூலையில் நிற்கும் என்பது வரை முடிவாகிவிட்டது. அவள் வயிற்றில் நாலு மாசம். ஊரில் தங்கச் சுரங்கத்தை இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று பேச்சு. அங்கே வேலை பார்த்த அவள் அப்பா ஏற்கெனவே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த வேலையும் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பது ரெமிஜியஸின் மண்டைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. மண்டைக்குள் ஓடுவதற்குத் தடை இல்லை.

புரொபேஷனில் இருப்பவனுக்கு இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு சிவப்பு வரை மன்னிப்பு உண்டு. பதிமூன்றாவது விழுந்தால் புரொபேஷன் முடிவில் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதல் மாசத்திலேயே ரெமிஜியஸுக்கு நாலு விழுந்துவிட்டது. பயந்துபோனவன் தனக்கென்று ஒரு நடையைக் கண்டுபிடித்தான். முழங்கையை மடக்கி, இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டி, குதிகாலை முதலில் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக விசுக் விசுக்கென்று போவான். பார்க்க அழகாக இருக்காது. பின்னால் நாய் வருகிறது, ஓடினால் கடித்துவிடும் என்று பயந்தவன் மாதிரி இருக்கும். ஆனால் ஆயிரத்து நூறு மீட்டர் ஏழரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒன்றரை வருஷம் ஒரு சிவப்பு விழவில்லை.

இப்படியே விட்டிருந்தால் அவன் பாட்டுக்கு நிரந்தரமாகியிருப்பான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி தனக்கோடிக்குக் கடமை உணர்ச்சி வந்துவிட்டது. ‘ஸ்டோர்ஸ் உதவியாளர் ரெமிஜியஸ் என்பவர் தினமும் காலையில் வளாகத்துக்குள் ஓடுவதாகச் சந்தேகம். நிறுத்திக் கேட்டால் நடக்கிறேன் என்கிறார்’ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பெர்சனல் மேனேஜர் ஹரிஷ்குமார் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஓட்டமா நடையா என்று தீர்ப்புச் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் வேண்டுமே? ஸ்போர்ட்ஸ் செக்ஷனில் சண்முகம் இருந்தார். இருபது வருஷத்துக்கு முன் ஹாக்கி ஆடி வேலைக்கு வந்தவர். இப்போது பிரேசர் டவுன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஸ்கூட்டரிலேயே கான்டீனுக்குப் போய், ஸ்கூட்டரிலேயே திரும்பிக்கொண்டிருந்தார்.

சண்முகம் மூன்று நாள் ஸ்கூட்டரில் ரெமிஜியஸின் பின்னாலேயே போய்க் குனிந்து அவன் காலைப் பார்த்தார். மூன்றாவது நாள் வண்டியை நிறுத்தினார்.

“யப்பா, உன் ரெண்டு காலும் ஒண்ணா தரையை வுட்டு எழும்பலப்பா. ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழதான் கீது. இது ஓட்டமே இல்ல.”

“அதத்தான் சார் நானும் சொல்லினுக்கீறேன்.”

“இதுக்குன்னே ரேஸ் கீது, தெரியுமா? நடைப் போட்டி. ஒலிம்பிக்ஸ்லயே வச்சிக்கீறாங்க.”

ரெமிஜியஸுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லது என்று பிற்பாடு தோன்றியது.

அந்த வருஷம் நிறுவனத்துக்கும் மேலே இருக்கிற இலாகாவுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. உற்பத்திக்கு இத்தனை மார்க், லாபத்துக்கு இத்தனை மார்க், விளையாட்டில் பரிசு வாங்கினால் ஐந்து மார்க். முதல் இரண்டில் முட்டை என்பது ஏப்ரலிலேயே தெரிந்துபோயிற்று. மீதி இருப்பது அந்த ஐந்து. கிரிக்கெட், கால்பந்து எல்லாம் மற்ற பெரிய நிறுவனங்கள் கையில். பிப்ரவரியில் நடக்கப்போகிற அரசு நிறுவனங்களுக்கிடையிலான நடைப் போட்டியைத்தான் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. சண்முகத்தின் ரிப்போர்ட்டைப் படித்ததும் ஹரிஷ்குமார் ஓட்டம் பற்றிய விசாரணையைக் கைவிட்டு, நடை வளர்ச்சிக் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார். உறுப்பினர்கள் ஒன்பது பேர். நடப்பவன் ஒருவன்.

குத்துவிளக்கு ஏற்றித் தொடக்க விழா நடந்தது. ஹரிஷ்குமார் கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் போய், எதிரே பாதிப் பேர் தமிழர்கள் என்று நினைவு வந்து தமிழில் இறங்கினார்.

“நோடி, ஸ்பீடு ஒரே நாள்ல வர்றதில்ல. வரவும் கூடாது. சிஸ்டமேட்டிக்கா வரணும். நம்ம ஃபேக்டரியையே எடுத்துக்குங்க. முப்பது வருஷமா படிப்படியா, படிப்படியாத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். அவசரப்பட்டோமா? இல்ல. ஒரு ஃபைல் ஒரு டேபிள்ல இருந்து அடுத்த டேபிளுக்குப் போறதுக்கே நாம ஒரு மாசம் எடுத்துக்குறோம். ஏன்? தப்பு நடந்துடக் கூடாது. ரெமிஜியஸ் நம்ம பையன். அவன் நடையும் நம்ம ஃபைல் மாதிரியே இருக்கணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ரெமிஜியஸும் தட்டினான். வேறென்ன செய்வது?

மறுநாள் சண்முகம் பன்னிரண்டு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றைக் கொடுத்தார். முதல் வாரம் மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம். அதன்பிறகு வாரம் அரை அரையாகக் கூட்ட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ‘மூச்சுத் திணறினாலோ இடது தோளில் வலி தோன்றினாலோ உடனே அமர்ந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கவும்’ என்று போட்டிருந்தது.

“சார், இது ஹார்ட் ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் குடுக்குறது இல்லியா?”

“நம்ம ஃபேக்டரி மெடிக்கல் ரூம்ல இருந்துதான் வாங்கினேன். நடக்குறதப் பத்தித்தானேப்பா போட்டுக்கீது?”

“நான் இப்பவே எட்டு, ஒம்போதுல போறேன் சார். நாலுன்னா இன்னா சார்?”

“ஒம்போது பேரு கையெழுத்துப் போட்டாச்சிப்பா. இனிமே இது உனக்குத்தான்.” சண்முகம் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்து கையெழுத்துதானே?

அட்டவணையோடு ஒரு சர்க்குலரும் வந்தது. பயிற்சி நேரத்தில் மட்டும் மெதுவாக நடந்துவிட்டு மற்ற நேரத்தில் வேகமாக நடந்தால் படிப்படியான முன்னேற்றம் கெட்டுவிடும். தவிரவும் நிறுவனத்தின் ஒரே நடை வீரன் கால் தடுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று சேஃப்டி டிபார்ட்மெண்ட் கேட்டிருந்தது. ஆகவே மேற்படி ஊழியர் வளாகத்துக்குள் எந்நேரமும், எக்காரணம் கொண்டும், அந்தந்த வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறக் கூடாது. வேகத்தைக் கூட்ட ஒவ்வொரு வாரமும் தனி மனு. அதில் சண்முகம், டாக்டர், சேஃப்டி, ஃபைனான்ஸ், கடைசியாக ஹரிஷ்குமார் கையெழுத்து.

நவம்பர் பதினாறாம் தேதி திங்கட்கிழமை ரெமிஜியஸ் வழக்கம்போல் ஓடி வந்து ஏழு ஐம்பத்திரண்டுக்கு கேட்டைத் தொட்டான். ரோட்டில் நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. தனக்கோடி கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றார்.

“ஒரு கோட்டுக்கு இன்னொரு கோடு தொண்ணூறு செகண்டு. முன்னாடி வந்தா நின்னுரணும். நான் கூடவே வரேன்” என்றார்.

நடந்தார்கள். ரெமிஜியஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்கூட்டியே வந்து, ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். கான்டீனுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோன கிழவர் ஒருவர் அவனைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, “உடம்பு சரியில்லியா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டு மணிச் சங்கு ஊதும்போது அவன் பாதி வழியில் இருந்தான். எட்டாகி எட்டாவது நிமிஷம் அட்டையைச் செருகினான். கிர்ரென்று சிவப்பு விழுந்தது.

டைம் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் எத்திராஜ் இருபத்தாறு வருஷமாக அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர். யார் கண்ணைப் பார்த்தும் பேச மாட்டார். அட்டையைப் பார்த்துத்தான் பேசுவார்.

“சார், சர்க்குலர்ல நாலு கிலோமீட்டர்னு போட்டுட்டாங்க சார். அதான் லேட்டு.”

“அது ஸ்போர்ட்ஸ் சர்க்குலர். இது டைம் ஆபீஸ். எனக்கு அந்தக் காப்பியே வரல.”

“வந்தா?”

“வந்தாலும் மிஷின் சர்க்குலர் படிக்காதுப்பா.” எத்திராஜ் கொஞ்சம் யோசித்து, மனம் இளகி ஒரு யோசனையும் சொன்னார். “நீ ஒண்ணு பண்ணு. மெதுவா நட. ஆனா சீக்கிரம் வா.”

வியாழக்கிழமை ரெமிஜியஸ் ஹரிஷ்குமாரின் அறைக்குப் போய் நின்றான். அதற்குள் எட்டு சிவப்பு ஆகியிருந்தது.

“சார், இன்னும் ஒரு வாரம் இப்புடியே போனா பதிமூணு ஆயிடும் சார். என் வேலை பூடும். எனக்கு ரேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி நடந்து போய்க்கிறேன், வுட்டுருங்க சார்.”

ஹரிஷ்குமார் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். “பயப்பட பேடப்பா. ரூல்ல ஒரு லைன் இருக்கு. ‘தகுந்த காரணம் இருப்பின் தாமதங்கள் மன்னிக்கப்படலாம்.’ மெடல் வாங்கிட்டு வா. மெடலைவிடத் தகுந்த காரணம் ஏதாவது உண்டா? நூறு சிவப்பு இருந்தாலும் ஒரே ஆர்டர்ல அழிச்சிடறேன்.”

“வாங்கலன்னா சார்?”

“ஏன் வாங்கமாட்ட? உனக்காக ஒம்போது பேர் கமிட்டியே இருக்கே.”

ஆக, மெடல் வாங்கினால் வேலை, குவார்ட்டர்ஸ், கிரைண்டர். வாங்காவிட்டால் ஒன்றுமில்லை. ரெமிஜியஸ் அன்றைக்கு இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். மெர்சிதான் தெம்பு சொன்னாள்.

“அவங்க உள்ளார மெதுவா நடக்கச் சொன்னா நடந்துட்டுப் போங்க. இங்க நம்ம ஊர்ல யாரு வந்து அளக்கப் போறாங்க?”

அப்படித்தான் ரெமிஜியஸின் நிஜமான பயிற்சி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெர்சி சர்ச் படியில் தன் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்துகொள்வாள். அவன் அங்கிருந்து, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புவான். சுமார் ஐந்து கிலோமீட்டர். முதல் வாரம் முப்பத்தாறு நிமிஷம் ஆயிற்று. காலை எட்டி எட்டிப் போட்டால் வேகம் வரும் என்று நினைத்தான். வரவில்லை, தொடைதான் பிடித்துக்கொண்டது. எட்டைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினான். முப்பத்துமூன்று. முன்னால் வைக்கிற கால் தரையில் படும்போது முழங்கால் மடங்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருப்பதாகச் சண்முகம் சொல்லியிருந்தார். அதற்காக ஒரு வாரம் முழுக்க அந்த ஒன்றை மட்டும் பழகினான். கையை வேகமாக வீசினால் கால் தானாகப் பின்னால் வருகிறது என்பதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கண்டுபிடித்தான். முப்பத்தொன்று. ஜனவரியில் முப்பது உடைந்தது. மெர்சி கைக்கடிகாரத்தை இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்தாள், நின்றுவிட்டதோ என்று.

ஊரில் மணிக்குப் பத்து. தொழிற்சாலையில், மனு நின்றுபோன வாரங்களில் டாக்டர் பழைய வேகத்தையே நீட்டித்துக் கொடுத்ததில், இன்னும் ஐந்தரை. அவன் கால்களே குழம்பிப்போயின. கேட்டைத் தாண்டியதும் தாமாகவே பிரேக் போட்டுக்கொண்டன. மாலையில் வெளியே வந்து ஸ்டேஷன் ரோட்டில் நடக்கும்போதும் சில நாள் அப்படியே இழுத்துப் பிடித்தன. உடம்புக்குள் யாரோ சர்க்குலர் ஒட்டிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

இதற்கிடையில் டாக்டர் லீவில் போனார். ஐந்தரை கிலோமீட்டருக்கான அனுமதி ஒரு சனிக்கிழமை முடிந்துபோயிற்று. ஆறு கிலோமீட்டருக்கான மனு டாக்டரின் பூட்டிய மேஜைக்குள். திங்கட்கிழமை தனக்கோடி கேட்டில் வழிமறித்தார்.

“இன்னிக்கு உனக்கு எந்த ஸ்பீடும் சேங்க்‌ஷன் ஆவலப்பா.”

“அஞ்சரைலயே போய்க்கிறேண்ணா.”

“அது போன வாரத்துது, முடிஞ்சிபோச்சி. ஆறு இன்னும் வரல. இப்ப நீ நடந்தா எந்த ஸ்பீடுல நடந்தன்னு நான் எழுதுவேன்?”

“அப்ப இன்னாண்ணா பண்றது?”

தனக்கோடி ஃபோன் போட்டார். மேலே ஒரு மணி நேரம் ஆலோசித்தார்கள். நடக்க அனுமதி இல்லை. ஓடவோ தடை. ஆனால் ஊழியர் வேலைக்கு வந்திருக்கிறார். கடைசியில் ஸ்டோர்ஸிலிருந்து சாமான் தள்ளும் டிராலி வந்தது. ரெமிஜியஸ் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தான். டிராலியில் உள்ளே போகிற எதற்கும் கேட் பாஸ் வேண்டும் என்பதால், ‘உதவியாளர், எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மாலையில் வெளியே போகும்போது பழுது ஏதும் இல்லை என்று இன்னொரு கையெழுத்து. நாலு நாள் இப்படிப் போயிற்று. மெஷின் ஷாப் வாசலில் நின்று ஆட்கள் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். மூன்றாவது நாள் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, டிராலியின் சக்கரத்தையே பார்த்தபடி போனான்.

பிப்ரவரி ஏழாம் தேதி கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐந்து கிலோமீட்டர் போட்டி. பதினோரு நிறுவனங்கள், பதினோரு பேர். நடை வளர்ச்சிக் கமிட்டி முழுசாக, ஒரே மாதிரித் தொப்பியோடு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியது. மெர்சி ஏழு மாச வயிற்றோடு கேலரியின் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். போட்டி தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சண்முகம் ரெமிஜியஸைத் தனியே கூப்பிட்டார்.

“ஏழுக்குப் போட்ட ஃபைலு ஃபைனான்ஸ்ல நின்னுகிச்சிப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற. சட்டப்படி பாத்தா உன் ஸ்பீடு ஆறரைதான்.”

“ஆறரைல போனா முக்கா மணி ஆவும் சார். மத்தவன்லாம் மெடல வாங்கினு வூட்டுக்கே போயிருப்பான்.”

சண்முகம் அங்கும் இங்கும் பார்த்தார். “நான் அப்பால போய் காப்பி குடிக்கிறேன். நான் ஒண்ணும் பாக்கல.”

துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு சுற்று ரெமிஜியஸின் கால்கள் வெள்ளைக் கோட்டைத் தேடின. மூன்றாவது சுற்றில் கேலரியிலிருந்து மெர்சி, “கைய வீசுங்க! கைய வீசுங்க!” என்று கத்துவது கேட்டது. கையை வீசினான். அப்புறம் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மார்பு எரிந்தது, பக்கத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள், தரை தானே ஓடிவந்து அவன் குதிகாலுக்குக் கீழே நுழைந்துகொண்டது. நடுவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எச்சரிக்கை அட்டை ஒன்றுகூட நீட்டவில்லை. ஐந்து கிலோமீட்டர், இருபத்தெட்டு நிமிஷம் பத்து விநாடி. முதல் இடம். வாழ்க்கையில் அவன் ஒன்றில் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதான்.

மெடலை ஹரிஷ்குமாரின் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தார்கள். நிறுவனம் வாங்கிய மெடல் அல்லவா? ரெமிஜியஸுக்குப் படத்தில் ஓரமாக இடம் கிடைத்தது. மறுநாள் திங்கட்கிழமை, நடைப் போட்டிச் சாம்பியன் தன் ஆறரை கிலோமீட்டர் வேகத்தில் தனக்கோடியோடு நடந்து போய், எட்டு இரண்டுக்குச் சிவப்பு வாங்கினான். அது அறுபத்தைந்தாவது.

தாமதங்களை மன்னிக்கக் கோரி அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்தான். போட்டி முடிந்துவிட்டதால் மறுநாளே கமிட்டியையும் சர்க்குலரையும் கலைத்துவிட்டார்கள்; பழைய நடைக்குத் திரும்பியவனுக்கு அப்புறம் சிவப்பே விழவில்லை. மெர்சி ஊரில் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஹரிஷ்குமாரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். எத்திராஜும் சண்முகமும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மெடல் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. ஐந்து மார்க் கிடைத்துவிட்டதாம். ஹரிஷ்குமார் நல்ல குஷியில் இருந்தார்.

“பா பா, வா ரெமிஜியஸ், உட்காரு. உன் மனு விஷயத்துல எத்திராஜ் ஒரு சின்ன பாயிண்ட் எழுப்பியிருக்கார்.”

எத்திராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்துப் படித்தார். “அஞ்சு கிலோமீட்டர், இருபத்தெட்டு நிமிஷம் பத்து செகண்டு. அந்த ஸ்பீடுல வந்தா, கேட்லேர்ந்து மிஷினுக்கு ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. ஏழு அம்பத்திரெண்டுக்கு கேட்டுக்கு வர்ற ஆளு, எட்டுக்கு ஒண்ணே முக்கா நிமிஷம் இருக்கும்போதே பஞ்ச் பண்ணிடலாம். அப்படிப்பட்ட ஆளு அறுவத்தஞ்சு நாளு லேட்டா வந்துக்கீறாரு.”

“முடியாதவன் லேட்டா வந்தா மன்னிக்கலாம்பா” என்றார் ஹரிஷ்குமார், மிகுந்த வருத்தத்தோடு. “பாவம், கால் வரலன்னு விட்டுடலாம். உனக்கு முடியும். நீயே ஸ்டேடியத்துல எல்லார் முன்னாடியும் ப்ரூவ் பண்ணிட்ட. முடிஞ்சும் லேட்டா வந்தா அது வேணும்னே வந்ததுன்னுதானே அர்த்தம்?”

“சார், நீங்கதான சார் மெதுவா நடக்கச் சொன்னீங்க? சர்க்குலர் போட்டீங்களே?”

“சர்க்குலர்ல என்ன இருக்கு? ‘வேகத்தை மீறக் கூடாது.’ லேட்டா வான்னு எங்கயாவது இருக்கா? காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“மெடல் வாங்கினா எல்லாத்தையும் அழிச்சிடறேன்னு சொன்னீங்க சார்.”

“சொன்னேன். அழிக்கணும்னுதான் ஃபைலை எடுத்தேன். ஆனா அந்த மெடலே உனக்கு எதிரா சாட்சி சொல்லுதே, நான் என்ன பண்ணட்டும்? தவிர, ஆறரைக்கு மேல சேங்க்‌ஷன் இல்லாம நீ பத்தரையில போயிருக்க. அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல. நம்ம பையன்னு விட்டுட்டேன்.”

“தோத்திருந்தா?”

“தோத்திருந்தா மன்னிக்கத் தகுந்த காரணமே இல்லையே?”

ரெமிஜியஸ் சண்முகத்தைப் பார்த்தான். சண்முகம் சுவரில் இருந்த மெடலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “சொல்ப மெதுவா ஜெயிச்சிருக்கலாம்பா நீ” என்றார்.

ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். புரொபேஷன் முடிவடைகிறது, நிரந்தரமாக்க இயலவில்லை, விளையாட்டில் நிறுவனத்துக்குப் பெருமை சேர்த்தமைக்கு நன்றி. எல்லாம் ஒரே தாளில். ஹரிஷ்குமார் எழுந்து நின்று கை குலுக்கினார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மெர்சி கட்டிய சாக்கின் மேல் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் தாளை நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள்.

“ஜெயிச்சா வேலைன்னுதான சொன்னாங்க?”

“ஆமா.”

“நீங்க ஜெயிச்சீங்களா இல்லியா?”

“ஜெயிச்சேன்.”

“அப்புறம் இன்னாங்க?”

அவன் எதிரே உட்கார்ந்து விளக்கிச் சொன்னான். இருபத்தெட்டு நிமிஷம் பத்து விநாடி, அதை ஆயிரத்து நூறு மீட்டருக்கு வகுத்தால் ஆறு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, ஏழு ஐம்பத்திரண்டோடு அதைக் கூட்டினால் எட்டுக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னான். முடியாதவனை மன்னிக்கலாம், முடிந்தவனை எப்படி மன்னிப்பது? மூன்றாவது தடவை சொல்லும்போது எங்கேயும் தடங்கல் இல்லாமல், எத்திராஜ் படித்த மாதிரியே கோவையாக வந்தது. சொல்லச் சொல்ல, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று அவனுக்கே பட ஆரம்பித்தது.

“யோசிச்சுப் பாத்தா, என் மேலதான் தப்பு போல கீது மெர்சி” என்றான்.

மெர்சி அவன் முகத்தையே பார்த்தாள். வேலை போனதைப் படித்தபோதுகூட அழாதவள், அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.